முதல் கிளாஸை ஊற்றியவர்

படம் தொடங்குவதற்கு முன் தியேட்டரில் ஓடும் புகையிலை எச்சரிக்கைத் துண்டுப்படங்களில் முகேஷ் என்ற இளைஞர் வருவார். குட்கா போட்டு வாய்ப்புற்றுநோய் வந்து, மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் 24 வயதில் இறந்துபோனவர். 2012 அக்டோபர் 2 முதல் தியேட்டர்களில் இத்தகைய எச்சரிக்கைகள் கட்டாயமானபோது அவர் தமிழ்நாட்டின் எல்லா ஊர்களுக்கும் வந்து சேர்ந்தார். மதுரையில் அவருக்குக் கிடைத்தது சிரிப்பு. முன்வரிசைப் பயலுகள் அவர் வாய் திறப்பதற்குள் வசனத்தை ராகம் போட்டுச் சொல்லி முடித்திருப்பார்கள். பிறகு அந்தப் பெயரே ஊருக்குள் கேலிப் பெயராகிவிட்டது. டீக்கடையில் எவனாவது ரெண்டு தடவை இருமினால் "என்னடா முகேசு" என்பார்கள்.

செத்துப்போன பையனைப் பார்த்துச் சிரிக்கிறார்களே என்று வருத்தப்பட்டவர்கள் அப்போது நிறைய. எனக்கு அந்தச் சிரிப்பு வேறு மாதிரி கேட்டது. முகேஷ் மராத்தி பேசும் ஊர்க்காரர். அவர் வாயில் வைக்கப்பட்ட தமிழ் எந்த ஊரிலும் எந்த வாயிலும் இல்லாத தமிழ். வானொலி அறிவிப்பும் பாடப்புத்தகமும் கலந்த ஒரு குரல், சாகப்போகிறவனுக்காகப் பேசியது. சாவு நிஜம், குரல் பொய். பதினஞ்சு வயசுக் காது பொய்யான குரலை ஒரு நொடியில் பிடித்துவிடும். பிடித்ததும் சிரிக்கும். சிரித்துவிட்டால் அதற்குப் பின்னால் இருக்கும் நிஜத்தையும் சேர்த்துத் தள்ளிவிடும். போதைக்கு எதிராக நாம் தமிழில் எழுதுவது, நடிப்பது, படமெடுப்பது அனைத்துக்கும் நேர்வது இதுதான்.

விழிப்புணர்வு என்பது இன்று தமிழில் ஒரு தனி இலக்கிய வகை. அதற்கு எழுதுகிறவர்கள், நடிகர்கள், மேடை, கேடயம், சான்றிதழ் எல்லாம் உண்டு. ஜூன் 26, சர்வதேச போதை ஒழிப்பு நாள் வந்தால் மதுரை மாவட்டத்தில் எத்தனை பள்ளிகள் உண்டோ அத்தனை மேடைகள். சிறுகதையையும் கவிதையையும் கிழித்துத் தொங்கப் போடுகிற நாம் இந்த வகையை விமர்சித்ததே இல்லை. நல்ல நோக்கத்துக்காகச் செய்கிறார்கள், பாவம், விட்டுவிடுவோம் என்கிற தாராளம். இருபத்திரண்டு வருஷமாகத் தமிழாசிரியனாக இருப்பதால் இந்த நாடகங்களுக்கும் கதைப்போட்டிகளுக்கும் நடுவராக உட்காரும் கொடுப்பினை எனக்கு உண்டு. நோக்கத்தை ஒதுக்கிவைத்து, பிரதியாக மட்டும் இவற்றைப் பார்க்க வேண்டிய காலம் வந்துவிட்டது என்று நினைக்கிறேன். இங்கே பிரதி தோற்றால் தோற்பது வெறும் பிரதி மட்டுமாக இருப்பதில்லை.

முதலில் கதைச்சட்டகம். நன்றாகப் படிக்கும் ஒரு பையன். கெட்ட நண்பன் ஒருவன், பெரும்பாலும் பெயரில்லாதவன், தொப்பி போட்டிருப்பான். "ஒரே ஒரு தடவை" என்பான். பையன் குடிப்பான், உடனே தள்ளாடுவான். அடுத்த காட்சியில் அம்மாவின் தாலியை அறுத்துக்கொண்டு ஓடுவான். அதற்கடுத்த காட்சியில் வெள்ளைத் துணிக்குள் கிடப்பான். அம்மா வேஷம் போட்ட பையன் சேலையை வாயில் பொத்தி அழ, கூட்டம் சிரிக்கும். கடைசியில் எல்லாரும் வரிசையாக நின்று உறுதிமொழி. ஏழு நிமிஷம். நான் பார்த்த நூற்றுக்கு மேற்பட்ட நாடகங்களில் இந்தச் சட்டகம் பிசகியது மூன்றோ நான்கோ.

ஒரு வருஷம் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் குடிகாரனாக நடித்தான். தள்ளாடவே இல்லை. காலி பாட்டிலை எடுத்தான். அடிப்பாகத்தில் உள்ளங்கையால் ஒரு தட்டு, மூடியை ஒரே திருகு, கிளாஸில் ஊற்றும்போது கண்ணால் அளவு பார்த்து நிறுத்தி, எதிரே இருப்பவனின் கிளாஸையும் சரிபார்த்து, ஒரு சொட்டை விரலால் தொட்டு வெளியே தெறித்து, பிறகு குடித்தான். அரங்கமே அமைதியாகிவிட்டது. பிறகு பிரமாதமான கைத்தட்டல். தலைமை விருந்தினர் "இயல்பான நடிப்பு" என்றார். அந்தக் கை எங்கே கற்றது என்று யாரும் கேட்கவில்லை. நாடகத்தில் அவனுக்குக் குடிக்கக் கற்றுக்கொடுத்தவன் தொப்பி போட்ட நண்பன். கைக்குக் கற்றுக்கொடுத்தவர் வீட்டில் இருக்கிறார்.

இந்தச் சட்டகத்தின் முதல் பொய், நேரம். குடித்தவன் ஏழு நிமிஷத்தில் சாகிறான். ஆனால் நம் பள்ளிக்கூடத்துப் பையன் கிடாவெட்டில் ஒரு மூடி குடித்துப் பார்த்திருக்கிறான், சாகவில்லை. மறுநாள் பரீட்சைகூட எழுதினான். அன்றைக்கே நாடகம் அவனிடம் தோற்றுவிட்டது. இனி கல்லீரல் என்று சொன்னாலும் மூளை என்று சொன்னாலும் அதுவும் நாடகத்தின் தொடர்ச்சியாகத்தான் அவனுக்குக் கேட்கும்.

உண்மை மெதுவானது. அதைவிடச் சங்கடம், அது நிகழ்தகவாக இருக்கிறது. அமெரிக்காவில் கிராண்ட், டாசன் என்ற இருவர் 1997இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றுண்டு. 14 வயதிலோ அதற்கு முன்போ குடிக்கத் தொடங்கியவர்களில் சுமார் 40 சதவீதம் பேர் வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் குடிக்கு அடிமையாகியிருக்கிறார்கள். 20 வயதுக்கு மேல் தொடங்கியவர்களில் சுமார் 10 சதவீதம். சீக்கிரம் தொடங்குகிற பிள்ளைகள் ஏற்கெனவே குடிக்கிற வீட்டுப் பிள்ளைகளாக இருக்கலாமே, வயது மட்டும்தான் காரணமா என்கிற விவாதம் அதன்மேல் உண்டு. விவாதம் இருக்கட்டும், நாலுக்கு ஒன்று என்ற இடைவெளி கண்ணை உறுத்துகிறது. மூளையில் நிதானிக்கிற, தள்ளிப்போடுகிற, "வேணாம்டா" என்று சொல்கிற முன்பகுதி முழுசாக முதிர இருபத்தைந்து வயதுவரை ஆகிறது. இன்பத்தைத் தேடும் பகுதி அதற்கு வெகு முன்பே தயாராகிவிடுகிறது. வண்டிக்கு என்ஜின் வந்துவிட்டது, பிரேக் இன்னும் பட்டறையில் இருக்கிறது. அந்த வயதில் எது பழகினாலும் அது ஆழமாகப் பதியும். திருக்குறளைப் பத்தாம் வகுப்பில் மனப்பாடம் செய்ய வைப்பதற்கும் அதே மூளைதான்.

கஞ்சா விஷயமும் அப்படியே. 1987இல் ஸ்வீடன் நாட்டில் ராணுவத்துக்குப் பெயர் பதிந்த 45 ஆயிரத்துக்கும் மேற்பட்ட இளைஞர்களை 15 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு வெளியானது. 18 வயதுக்குள் 50 தடவைக்கு மேல் கஞ்சா புகைத்தவர்களுக்கு மனச்சிதைவு நோய் வரும் வாய்ப்பு ஆறு மடங்கு. ஆறு மடங்கு என்றாலும் பெரும்பாலோருக்கு வராது. இதைத்தான் நம் விழிப்புணர்வு நாடகத்தால் சொல்லவே முடியாது. "உனக்கு வராமலும் போகலாம்" என்று தொடங்கும் ஒரு வசனத்தை நடுவர் குழுவில் யார் ஒத்துக்கொள்வார்கள்? ஆனால் வகுப்பில் கடைசி பெஞ்சில் இருப்பவன் தன் கூட்டாளிகளில் பாதிப்பேர் புகைத்தும் நன்றாக இருப்பதைப் பார்க்கிறான். அவனிடம் போய் "எல்லாருக்கும் பைத்தியம் பிடிக்கும்" என்றால் அவன் எண்ணிப் பார்த்துவிட்டு நம்மைப் பொய்யன் என்கிறான். அவன் எண்ணியது சரி. யாருக்கு அந்த நோய் வரும் என்பது முன்கூட்டித் தெரியாது என்பதுதான் அதில் உள்ள பயங்கரம். நம் கதைகளுக்கு அந்தப் பயங்கரத்தைச் சொல்லும் மொழி இன்னும் கைவரவில்லை. நமக்குத் தெரிந்த ஒரே இலக்கணம், செய்தவன் கெட்டான் என்பது.

இரண்டாவது பொய், பொருளின் பெயர். நாடகங்களில் "போதைப்பொருள்" என்ற ஒரே சொல்தான். அது என்ன வஸ்து, எங்கே கிடைக்கும், வாயில் வைப்பதா மோப்பதா ஒன்றும் இராது. இந்த விஷயத்தில் நம் எழுத்தாளர்களைவிட நீதிமன்றம் தெளிவாக இருந்தது என்று சொல்ல வேண்டும். 2024இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் புகையிலை கடத்தல் வழக்குகள் தொடர்பான ஜாமீன் மனுக்களை விசாரித்த நீதிபதி பரத சக்ரவர்த்தி, "கூல் லிப்" என்ற சாமானைப் பெயர் சொல்லியே பேசினார். பள்ளிப் பிள்ளைகள் அதற்குப் பழகிக்கொண்டிருப்பதைச் சுட்டி, நாடு முழுக்க அதைப் பாதுகாப்பற்ற உணவு என்று ஏன் அறிவிக்கக் கூடாது என்று கேட்டார். இங்கே தடை, தடையில்லாத வெளிமாநிலங்களிலிருந்து வருகிறது. உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே வைக்கிற சின்னப் பொட்டலம். மெல்ல வேண்டாம், துப்ப வேண்டாம், புகை இல்லை, நாற்றம் இல்லை. நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி அணி இலக்கணம் எழுதும்போதே வைத்துக்கொள்ள முடியும். நிக்கோட்டின் ஈறு வழியே நேராக ரத்தத்துக்குப் போகிறது. வாயின் உள்தோல் வெளுக்கிறது, காரம் தாங்காமல் போகிறது, புற்று வேறொரு நாளைக்குக் காத்திருக்கிறது. இதையெல்லாம் ஒரு நாடகத்திலும் நான் பார்த்ததில்லை. "போதைப்பொருள்" என்றால் பையனுக்குத் தோன்றுவது சினிமாவில் வெள்ளைப் பொடி; தன் உதட்டுக்குள் இருப்பதை அந்தச் சொல்லோடு அவன் சேர்த்துப் பார்ப்பதே இல்லை.

மாத்திரை இன்னும் மோசம். டேபென்டடால் என்ற வலிநிவாரணியைப் பொடித்துக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொண்ட பையன்களைப் பற்றித் தமிழ்நாட்டின் எல்லாப் பக்கமிருந்தும் கைதுச் செய்தி வருகிறது. விழுங்குவதற்காகச் செய்த மாத்திரையில் மருந்தோடு சேர்த்து நிரப்பும் தூளும் உண்டு. அது தண்ணீரில் கரையாது. நரம்பு வழியாகப் போய் நுரையீரலின் மெல்லிய குழாய்களை அடைக்கிறது. மூச்சைத் தூண்டும் இடத்தை மருந்து மந்தப்படுத்துகிறது. ஊசியை மாற்றி மாற்றிப் போட்டால் எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் சி. இந்தச் செய்தியைத் தினத்தாள்கள் "போதை மாத்திரை விற்ற வாலிபர்கள் கைது" என்று எட்டு வரியில் முடிக்கின்றன. வாங்கியவனின் உடம்பு அந்த எட்டு வரியில் வராது.

உடம்பை மறப்பது நமக்கு அரசாங்கமே கற்றுத்தந்த வழக்கம். டாஸ்மாக் 1983இல் தொடங்கியது. சில்லறை விற்பனையை 2003 நவம்பரில் கையில் எடுத்தது. நெடுங்காலம் நம் பாட்டில்களில் இருந்த எச்சரிக்கையைக் கொஞ்சம் உற்றுப் படியுங்கள். மது எதற்கெல்லாம் கேடு என்று ஒரு வரிசை சொன்னது: முதலில் நாடு, பிறகு வீடு, மூன்றாவது உயிர். நாட்டுக்குக் கேடு என்று சொல்லி விற்றது நாடு. நகைச்சுவையை விடுங்கள். உயிர் உண்டு, உடல் இல்லை, அதைக் கவனியுங்கள். குடிப்பதற்கும் சாவதற்கும் நடுவே இருக்கிற வருஷங்கள் அந்த வரியில் இல்லை. வீங்கும் கால், நடுங்கும் கை, மறந்துபோகும் பெயர்கள் இல்லை. பின்னால்தான் உடல்நலம் என்ற சொல் பாட்டிலுக்கு வந்தது. 21 வயதுக்குக் கீழே இருப்பவருக்கு விற்கக்கூடாது என்பது சட்டம். அதைக் கடை வாசலில் போர்டாகவும் படிக்கலாம், பக்கத்தில் ஒன்றுக்கு ரெண்டு காசு வைத்து வாங்கிக்கொடுக்க நிற்கும் அண்ணன்களையும் பார்க்கலாம்.

சினிமாவுக்கு வருவோம். மதுரைப் படம் என்று ஒரு வகை உருவாகி இருபது வருஷம் ஆகிறது. அரிவாளை எல்லாரும் பேசிவிட்டார்கள்; பாட்டிலை யாரும் அவ்வளவாகப் பேசவில்லை. அமீரின் 'பருத்திவீரன்' (2007) படத்தில் என்னைக் கவர்ந்தது காதலும் அல்ல, அந்தக் கொடூரமான முடிவும் அல்ல. வீரனும் சித்தப்பு செவ்வாழையும் சேர்ந்து திரிகிற திரிச்சல். சரவணன் நடித்த அந்தச் சித்தப்புதான் வீரனுக்கு அப்பன், ஆத்தா, கூட்டாளி, குடித்துணை எல்லாம். நம் பக்கத்துக் கிராமத்தை அறிந்தவர்களுக்கு அந்த ஜோடி ஒரு உண்மையைச் சொல்லும்: இங்கே பையனுக்குப் பாசம் காட்டுகிற ஆண், பல வீடுகளில், பாட்டிலோடுதான் வருகிறான். அப்பாவிடம் பேச்சே கிடையாது. பேசச் சிரிக்க ஒரு சித்தப்பாவோ மாமாவோ இருப்பார். அவர் பக்கத்தில் உட்கார வேண்டுமென்றால் கிளாஸ் பக்கத்தில் உட்கார வேண்டும். அமீர் இதைப் பார்த்துவிட்டார். பார்த்ததை நகைச்சுவையாக்கியும் விட்டார். சித்தப்புவின் போதை படத்தில் சிரிப்புக்கான இடைவெளி. அவர் அந்தப் பையனை எப்படி வளர்த்தார் என்ற கேள்வி சிரிப்பில் கரைந்துவிடுகிறது.

சசிகுமாரின் 'சுப்ரமணியபுரம்' (2008) ஒருபடி மேலே போகிறது. 1980இன் மதுரை, வேலையற்ற பையன்கள், சந்து, சைக்கிள், ரேடியோ. அவர்களை ஜாமீனில் எடுப்பவன், பாசமாகப் பேசுபவன், கொலை செய்ய அனுப்பிவிட்டுக் கைகழுவுபவன் ஒருவன்தான், சமுத்திரக்கனி நடித்த கனகு. பெரியவர்களின் பாசத்துக்கு விலை உண்டு என்பதை அந்தப் படம் அளவுக்குத் தமிழில் சொன்ன படம் குறைவு. ஆனால் அதன் பெயரால் வந்த டஜன் படங்கள் எடுத்துக்கொண்டது பெல்பாட்டத்தையும் தாடியையும், நாலு பேர் வட்டமாக உட்கார்ந்து குடிக்கிற காட்சியையும். துரோகத்தை விட்டுவிட்டார்கள். ஒரு துணுக்கு: அந்தப் படத்தில் காசியாக வருபவரின் திரைப்பெயர் கஞ்சா கருப்பு. 'பிதாமகன்' (2003) படத்தில் கஞ்சா விற்பவராக வந்ததால் ஒட்டிக்கொண்ட பெயர். இன்றைக்கும் போஸ்டரில் அப்படியேதான் போடுகிறோம். கஞ்சா நம் ஊரில் காமெடியனின் இனிஷியல்.

இப்போதைய படங்களில் போதை பெரிய மூட்டையாகிவிட்டது. லோகேஷ் கனகராஜின் 'கைதி' (2019), 'விக்ரம்' (2022) இரண்டிலும் டன் கணக்கில் சரக்கு வருகிறது, அதற்காகத் துப்பாக்கி வெடிக்கிறது. 'விக்ரம்' போதையில்லாத சமூகம் வேண்டும் என்கிறது. ஆனால் அதே படத்தில் விஜய் சேதுபதி ஒரு மாத்திரையைக் கடித்ததும் அடிபட்டுக் கிடந்தவர் எழுந்து ஆளுக்கொரு குத்து விடுகிறார். வசனம் ஒன்று சொல்கிறது, மாத்திரை வேறு சொல்கிறது. கதவைத் தாண்டி வெளியே வரும்போது பையன் ஞாபகத்தில் இருப்பது எது என்று நான் வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். "சார், அந்தக் கடிக்கிற சீன்தான் சார் மாஸ்" என்றான் ஒருத்தன். அவனைக் குறை சொல்ல முடியாது. நன்றாக எடுக்கப்பட்ட காட்சி அதுதான்.

சினிமாவைத் திட்டிவிட்டு நம் இலக்கிய வீட்டை விட்டுவிடுவது நியாயமில்லை. மதுரை என்றதும் நாம் பெருமையோடு சொல்லும் பெயர் ஜி. நாகராஜன். 1929இல் மதுரையில் பிறந்து, 1981 பிப்ரவரியில் மதுரை அரசு மருத்துவமனையில் இறந்தவர். இந்த ஊர் டுடோரியல் கல்லூரிகளில் கணக்கு நடத்தினார். பரீட்சையில் தவறிய பிள்ளைகளுக்குக் கணக்கைப் புரியவைத்த அபூர்வமான வாத்தியார் என்று அவரிடம் படித்தவர்கள் சொல்வார்கள். குடியும் கஞ்சாவும் அவரை எப்படித் தின்றன என்பதை அவரை அறிந்த நண்பர்கள் எழுதியிருக்கிறார்கள். சுந்தர ராமசாமியின் நினைவோடை அதில் முக்கியமானது. அந்த நினைவுகளில் வலி இருக்கிறது. பிற்பாடு அவற்றைப் படித்த நம் தலைமுறை வலியை வடிகட்டிவிட்டுக் கதையை மட்டும் வைத்துக்கொண்டது. அழுக்கு வேட்டி, கடன், போதை, மேதைமை. இலக்கியக் கூட்டம் முடிந்த இரவுகளில் முதல்முறையாகக் குடிக்கிற இருபது வயதுக் கவிஞர்களிடம் அந்தப் பெயர் ஒரு அனுமதிச்சீட்டு மாதிரி சுற்றுவதைக் கேட்டிருக்கிறேன். "ஜி.என். குடிக்கலையா?" குடித்தார். குடியால் எழுதினார் என்பதற்கு ஒரு சான்றும் இல்லை. இரண்டு நாவல்களும் கொஞ்சம் கதைகளும்தான் கிடைத்தன என்பதுதான் சான்று. இலக்கியத்துக்குள்ளும் தொப்பி போட்ட ஒரு சித்தப்பாவை நாம் உட்கார வைத்திருக்கிறோம். செத்தவர் தலையில் அந்தத் தொப்பியை மாட்டியது நாம்.

'நாளை மற்றுமொரு நாளே' (1974) நாவலைத் திரும்ப வாசித்தால் இந்தப் பிம்பத்துக்கு அதில் இடமே இல்லை. கந்தன் என்பவனின் ஒரே ஒரு நாள். காலையில் அவன் உடம்பு சாராயத்தைக் கேட்கிறது. அதிலிருந்து நாள் நகர்கிறது. எங்கே கிடைக்கும், யாரிடம் காசு இருக்கும், அடுத்தது எப்போது. நாகராஜன் அவனைத் தண்டிக்கவும் இல்லை, தூக்கிவைக்கவும் இல்லை. குடி அங்கே சாகசமோ பாவமோ ஆவதில்லை, கால அட்டவணை ஆகிறது. ஒரு நாளை எடுத்துக்கொண்டதுதான் அவர் செய்த பெரிய காரியம் என்று நினைக்கிறேன். நம் ஏழு நிமிஷ நாடகம் ஒரு வாழ்க்கையை அவசரமாக முடிக்கிறது; நாகராஜன் ஒரு நாளை முடியவிடாமல் நீட்டுகிறார், நாளையும் இதுவேதான் என்று தலைப்பிலேயே சொல்லிவிடுகிறார். அடிமைத்தனம் என்றால் என்ன என்று பதினாறு வயதுக்காரனுக்குப் புரியவைக்க இதைவிட நல்ல வடிவம் தமிழில் இல்லை. அந்த நாவலைப் பள்ளியில் வைக்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும். கந்தன் அவன் மனைவி மீனாவை நடத்தும் விதத்துக்கே பெற்றோர் வந்து நிற்பார்கள்.

பழைய இலக்கியத்தையும் ஒரு பார்வை. மதுரைக்காஞ்சியில் இந்த ஊர்த் தெருவில் பறக்கும் கொடிகளில் கள்ளுக்கடைக் கொடியும் ஒன்று. புலவர் முகம் சுளிக்கவில்லை. வள்ளுவரின் கள்ளுண்ணாமை அதிகாரத்தைப் பாடமாக நடத்தும்போது குடிப்பவன் நஞ்சு குடிப்பவன், செத்தவனுக்குச் சமம் என்கிற குறளோடு நிறுத்திக்கொள்கிறோம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, குடிக்காத நேரத்தில் இன்னொரு குடிகாரனைப் பார்க்கும்போது தன் நிலை இவனுக்கு உறைக்காதா என்று வள்ளுவர் கேட்கும் கேள்வி. சபிப்பதை நிறுத்திவிட்டு ஒரு மனிதனின் மனசுக்குள் எட்டிப்பார்க்கும் இடம் அது.

2015ஆம் ஆண்டு நமக்கு வேறு சில பிரதிகளையும் தந்தது. ஜூலை 31 அன்று குமரி மாவட்டம் உண்ணாமலைக்கடையில் மதுக்கடையை மூடச் சொல்லிப் போராடிய சசிபெருமாள் இறந்தார். அக்டோபரில் டாஸ்மாக் கடைகளை மூடச் சொல்லிப் பாடிய பாடகர் கோவன் தேசத்துரோக வழக்கில் கைதானார். கோவனின் பாட்டு விழிப்புணர்வு வகையைச் சேராதது. அதன் கோபம் குடிப்பவன் மேல் இல்லை, விற்பவர் மேல் இருந்தது. அதனால்தான் பயலுகள் அதைக் கேலி செய்யாமல் பாடினார்கள். ஆனாலும் அந்தப் பாட்டில் வீட்டுக்குள் ஊற்றுகிற கை வரவில்லை.

அந்தக் கை வந்தது அதே ஜூலை மாதம் திருவண்ணாமலைப் பக்கமிருந்து வெளிவந்த ஒரு கைப்பேசிக் காணொளியில். நாலு வயசுக் குழந்தை ஒன்றுக்கு உறவுக்காரர்களே மது கொடுத்துக் குடிக்க வைத்துப் படம்பிடித்தார்கள். ஊரே கொதித்தது, கைதும் நடந்தது. கொதிப்பை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் அதில் நம்மை உலுக்க வேண்டியது சுற்றியிருந்தவர்களின் சந்தோஷம். கெடுக்கிறோம் என்ற எண்ணமே அதில் இல்லை; கொஞ்சிக்கொண்டிருந்தார்கள். எந்த எழுத்தாளரும் எழுதாத காட்சி. எழுதியிருந்தால் மிகை என்றிருப்போம்.

மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் மருத்துவர்கள் எடுத்து 2019இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பில் ஒரு வரி உண்டு. பெரியவர்களைவிடப் பிள்ளைகளிடம் கூடுதலாக இருக்கும் ஒரே போதை, மோப்பது. பெரியவர்களில் 0.58 சதவீதம், 10 முதல் 17 வயதுக்காரர்களில் 1.7 சதவீதம். பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன், வொயிட்னர், தின்னர். மலிவு, சட்டப்படி கிடைக்கும், ஸ்டேஷனரி கடையில் இருக்கும். முதல்முறை மோக்கும்போதே இதயத்துடிப்பு தாறுமாறாகிச் சாவதும் நடக்கிறது. மற்றபடி நரம்புகளின் மேலுறையை மெல்லக் கரைக்கிறது. பெரியவர்கள் அதிகம் தொடாத போதை என்பதால் இதற்குப் படமும் இல்லை, பாட்டும் இல்லை.

சில வருஷங்களுக்கு முன் ஒரு சிறுகதைப் போட்டிக்குப் பதினோராம் வகுப்புப் பையன் ஒருவன் ஒன்றரைப் பக்கத்தில் இதை எழுதியிருந்தான். அம்மா விடியக்காலம் மூன்று மணிக்குப் பூ மார்க்கெட்டுக்குப் போய்விடுகிறாள். தம்பியும் இவனும் இருக்கிறார்கள். சைக்கிள் கடையிலிருந்து கொண்டுவந்த டியூபைத் துணியில் பிழிந்து மோக்கிறான். "நல்லா இருந்துச்சு. பசி போயிருச்சு. அம்மா வர்ற வரைக்கும் பசிக்கல" என்று எழுதியிருந்தான். அப்புறம் தம்பி "எனக்கும் பசிக்குது" என்கிறான். கதை அங்கே நின்றுவிடுகிறது. நான் முதல் பரிசுக்கு வைத்தேன். சக நடுவர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "'நல்லா இருந்துச்சு'ன்னு எழுதுறான் சார். இதுக்குப் போயி பரிசு குடுத்தா நாளைக்கு யாரு பதில் சொல்றது?" என்றார். அவர் கெட்டவர் இல்லை. நாங்கள் ஒரு மணி நேரம் பேசினோம். பரிசு, அம்மா தாலி வந்த கதைக்குப் போனது. அந்த வாக்கியம் இல்லாவிட்டால் தம்பி கேட்பதில் ஒன்றுமே இல்லை என்பதை என்னால் அவருக்கு விளங்கவைக்க முடியவில்லை.

நான் வாசிக்கக் காத்திருப்பது இன்னொரு கதை. மேலூர்ப் பக்கமோ உசிலம்பட்டிப் பக்கமோ, ஒரு கிடாவெட்டு. பந்தி முடிந்து பெண்கள் பாத்திரம் கழுவுகிறார்கள். தென்னந்தோப்புக்குப் பின்னால் மாமா உட்கார்ந்திருக்கிறார். வருஷம் பூராவும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் நின்றே வேலை பார்த்தவர். லீவில் வந்திருக்கிறார், கையில் காசு இருக்கிறது, அக்கா மகன் வளர்ந்து நிற்பதைப் பார்க்கப் பார்க்க அவருக்குப் பெருமை தாங்கவில்லை. "வாடா மாப்ள, ஒக்காரு, மீசையெல்லாம் மொளச்சிருச்சு" என்கிறார். பிளாஸ்டிக் கிளாஸ் ஒன்றை எடுத்து ஊதித் தூசி தட்டுகிறார். கால்வாசி ஊற்றி, பையனுக்கு எரியக்கூடாதே என்று தண்ணீர் கூடுதலாகக் கலக்கிறார். அந்தத் தண்ணீரைக் கூடுதலாகக் கலக்கிற அக்கறையை எழுத ஒரு ஆள் வேண்டும். அதை மாமாவே எழுதினால் இன்னும் நல்லது.